என் நெல்லுக்கு மீட்டர், உங்க பேனலுக்கு ஸ்டிக்கரா?

ஆலத்தியூர்ல என்னிக்காவது பூஜ்ஜியத்துக்குக் கீழே 6 டிகிரி குளிரடிச்சு, அதே நேரத்துல உச்சி வெயிலும் காய்ஞ்சா, என் வயல்ல நிக்கிற சோலார் பேனல் தன் முதுகுல ஒட்டியிருக்கிற 335 வாட்டை முழுசா கொடுக்கும். கேலிக்குச் சொல்லலை. அவங்க கொடுத்த எண்களை வச்சே கணக்குப் போட்டா அப்படித்தான் வருது. எப்படி வருதுன்னு கீழே சொல்றேன். பத்தாம் வகுப்புக் கணக்கைத் தாண்டி ஒண்ணும் இல்லை, பயப்படாம படிங்க.

பேனலுக்குப் பின்னால ஒரு ஸ்டிக்கர் இருக்கும். என்னோடதுல இருக்கிறது இது: அதிகபட்சத் திறன் 335 வாட். அந்த நேரத்துல வோல்ட் 38, ஆம்பியர் 8.82. ஓப்பன் சர்க்யூட் வோல்ட் 46. ஷார்ட் சர்க்யூட் கரண்ட் 9.35 ஆம்பியர். கீழே பொடி எழுத்துல, இதெல்லாம் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில், பேனல் செல்லோட சூடு 25 டிகிரின்னு போட்டிருக்கும். கவனிங்க, காத்தோட சூடு 25 இல்லை, செல்லோட சூடு 25. உலகம் பூரா எல்லாக் கம்பெனியும் இந்த ஒரே நிலையிலதான் பேனலை அளக்கிறாங்க. அதுல தப்பு சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை. நாலு கம்பெனி பேனலை ஒப்பிட்டுப் பார்க்கணும்னா ஒரு பொதுவான அளவு வேணும்தான். ஆனா எப்படி அளக்கிறாங்கன்னு தெரியுமா? தொழிற்சாலைக்குள்ள ஒரு பெரிய விளக்கு, கேமரா பிளாஷ் மாதிரி பளிச்சுனு ஒரு தடவை அடிக்கும். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள அளவு முடிஞ்சு போயிடும். பேனல் சூடாக நேரமே கிடையாது.

எங்க ஊர் வெயில் அப்படிப் பளிச்சுனு அடிச்சிட்டுப் போயிடாது. காலையில ஏறி உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் இறங்காது.

இப்ப அந்தக் குளிர்க் கணக்கு. பேனல் கூட வர்ற காகிதத்துல இன்னொரு எண் இருக்கும், என்னோடதுக்கு 45 டிகிரி. அதுக்கு அர்த்தம், வெளியில 20 டிகிரி, வெயில் 800 வாட், லேசான காத்து இருந்தா செல் 45 டிகிரிக்குச் சூடாகும். அதாவது 800 வாட் வெயிலுக்கு 25 டிகிரி ஏறுது. அப்ப 1000 வாட் வெயிலுக்கு 31 டிகிரி ஏறும். செல் 25 டிகிரியில நிக்கணும்னா வெளியில 25-ல 31 கழிச்சு, பூஜ்ஜியத்துக்குக் கீழே 6 இருக்கணும். லடாக்ல போய்ப் பாத்தா நடக்கலாம்.

சித்திரை மாசம் மதியத்துக்கு இதே கணக்கைப் போடுங்க. காத்து 40 டிகிரி. வெயில் 900 வாட்னு வைங்க. செல்லோட சூடு 40-ம் 28-ம் சேர்ந்து 68 டிகிரி. 25-க்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் என் பேனல் 0.40 சதவீதம் திறனை இழக்கும்னு அவங்களே எழுதியிருக்காங்க. 43 டிகிரி அதிகம், 17 சதவீதம் போச்சு. வெயில் குறைவுக்கு ஒரு பத்து. 335-ஐ 0.9 ஆல பெருக்கி, அதை 0.828 ஆல பெருக்குங்க. 250 வாட் வரும். பேனல்ல ஒரு பழுதும் இல்லை, தூசி இல்லை, வயர்ல இழப்பு இல்லைன்னு வச்சுக்கிட்டாலும் அவ்வளவுதான். வெயில் ஏற ஏற கரண்ட் கூடும்னு நினைக்கிறவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும். வெளிச்சம் கூடினா கூடும், சூடு கூடினா குறையும். ரெண்டும் சேர்ந்துதான் எங்க ஊருக்கு வருது.

என்கிட்ட இருக்கிறது 5 எச்.பி. மூணு ஃபேஸ் மோட்டார். 15 பேனல் ஒரே தொடரா கோத்திருக்கு, மொத்தம் 5025 வாட். பி.எம். குசும் திட்டத்துல மத்திய அரசு 30 சதவீதமும் மாநில அரசு 30 சதவீதமும் மானியம் கொடுத்துச்சு. மீதி என் கைக்காசு. விக்க வந்தவர் "அஞ்சு கிலோவாட் அண்ணே, அருவி மாதிரி கொட்டும்"னார். மேல போட்ட கணக்குப்படி நல்ல மதியத்துல எனக்கு வரவேண்டியது 3744 வாட், வயர் இழப்பு, பேனலுக்குப் பேனல் இருக்கிற ஏத்த இறக்கம் எல்லாம் கழிச்சா 3550-க்குப் பக்கம். இதை யாரும் எனக்குச் சொல்லலை. சொல்லியிருந்தா வாங்காம விட்டிருப்பேன்னு இல்லை. வாங்கித்தான் இருப்பேன். ஆனா 3550-ஐ எதிர்பாத்து வாங்கியிருப்பேன். அப்படி வாங்கியிருந்தா 2900 வந்த அன்னிக்கே கேள்வி கேட்டிருப்பேன்.

என் சண்டை இங்கதான் ஆரம்பிக்குது. ஸ்டிக்கருக்கும் வயலுக்கும் நடுவுல ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கைப் போடாத வரைக்கும் விக்கிறவருக்கு எல்லாத்துக்கும் ஒரே பதில்: "வெயில் சரியில்லைங்க." வாங்கினவனுக்கும் ஒரே பதில்: "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்." ரெண்டு பேரும் பேசுறது சத்தம். 5025-ல வெயில் எடுத்தது எவ்வளவு, சூடு எடுத்தது எவ்வளவு, தூசி எடுத்தது எவ்வளவு, பழுது எடுத்தது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாத்தா முதல் ரெண்டும் இயற்கைக் கணக்கு, மூணாவது என் கணக்கு, நாலாவது கம்பெனிக் கணக்கு. பிரிக்காம விட்டா நாலையும் சூரியன் தலையில கட்டிடலாம்.

என் வயல்ல அப்படித்தான் கட்டினாங்க. ஒரு மழைக்காலம் முடிஞ்சதுல இருந்து தண்ணி குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கம்பெனி ஆள் வந்தார் (கம்பெனி பேர் வேண்டாம், அந்தப் பையன் பொழப்பு). மீட்டரை வச்சுப் பாத்தார், மொத்தத் தொடருக்கும் ஓப்பன் சர்க்யூட் 560 வோல்ட் காட்டுச்சு. "சூட்டுல வோல்ட் குறையும்ணே, செட் நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டுப் போயிட்டார். சூட்டுல வோல்ட் குறையும்ங்கிறது உண்மை. எவ்வளவு குறையும்னு அவர் கேக்கலை. டிகிரிக்கு 0.31 சதவீதம்னு காகிதத்துல இருக்கு. 43 டிகிரிக்கு 13 சதவீதம். 46 வோல்ட் 40 ஆகும். 15 பேனலுக்கு 600 வரணும். 560-னா 40 வோல்ட்டைக் காணோம். சரியா ஒரு பேனல். பதினஞ்சு பேனலையும் சூடு ஒரே மாதிரிதான் இறக்கும், நடுவுல ஒரே ஒரு பேனலை மட்டும் தூக்கிக்கிட்டுப் போகாது.

ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டை மட்டும் பாத்து "பேனல் நல்லாருக்கு"ன்னு சொல்ற பழக்கம் எல்லா ஊர்லயும் இருக்கு. நல்ல மேகமூட்டத்துலகூட அந்த வோல்ட் பெருசா குறையாது. அதுல வெளிச்சமும் தெரியாது, திறனும் தெரியாது. இன்னும் சில வயர்மேனுங்க 46-ஐயும் 9.35-ஐயும் பெருக்கி "430 வாட் இருக்குய்யா, ஸ்டிக்கரை விட அதிகம்"னு சந்தோஷப்படுவாங்க. கரண்ட் எடுக்காதப்ப இருக்கிற வோல்ட் அது, வோல்ட்டே இல்லாதப்ப இருக்கிற கரண்ட் இது. ரெண்டும் ஒரே நேரத்துல கிடைக்காது. நெறைமாசப் பசுவோட கறவையை நாளைக்கே கேட்ட கதை.

நான் அளந்த விதத்தைச் சொல்றேன். வெயிலை அளக்க பைரனோமீட்டர்னு ஒரு கருவி இருக்கு, நம்ம கைக்கு எட்டுற விலை இல்லை. அதுக்குப் பதிலா வீட்டு லைட்டுக்கு வாங்கின ஒரு சின்ன 40 வாட் பேனலை எடுத்து, நல்லாத் துடைச்சு, பெரிய பேனல் இருக்கிற அதே சாய்வுல அது பக்கத்துல வச்சேன். மல்டிமீட்டரை 10 ஆம்பியர்ல வச்சு ஷார்ட் சர்க்யூட் கரண்ட் பாத்தேன். ஸ்டிக்கர்ல 2.40. மீட்டர்ல 2.16. வகுத்தா 0.90. அப்ப வெயில் 900 வாட். ஷார்ட் சர்க்யூட் கரண்ட் வெளிச்சத்தோட நேர் விகிதத்துல போகும், சூடு அதைப் பெருசா மாத்தாது. பேனலே வெயில் மானி ஆயிடுது. சூட்டுக்குத் துப்பாக்கி மாதிரி இருக்கிற தெர்மாமீட்டர். கொரோனா காலத்துல நெத்தியில நீட்டினாங்களே அது உதவாது, ஒடம்புச் சூட்டுக்கு மேல காட்டாது. பட்டறையில வச்சிருக்கிறது வேணும். பேனல் முதுகுல 65 காட்டுச்சு, உள்ளே செல் ரெண்டு மூணு டிகிரி கூட இருக்கும், 68-னு வச்சேன். அப்புறம் மோட்டார் ஓடும்போது கன்ட்ரோலர் திரையில பாத்தா 440 வோல்ட், 6.6 ஆம்பியர். பெருக்கினா 2904 வாட். வரவேண்டியது 3550.

ஆம்பியர் குறைஞ்சா வெளிச்சம் உள்ளே போகலை. வோல்ட் குறைஞ்சா, சூட்டுக்குக் கழிச்ச பிறகும் குறைஞ்சா, தொடர்ல ஏதோ ஒண்ணு வேலை செய்யலை. இந்த ரெண்டு வரியை எழுதி கன்ட்ரோலர் பெட்டிக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன்.

முதல்ல தூசி. அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் மாவட்டம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு காலத்துல கடல் இருந்த இடம், இன்னிக்கும் ஓடையில சங்கும் சிப்பியும் கல்லாக் கிடக்கும். அந்தக் கடல் இப்ப லாரியில ஏறிப் போய்க்கிட்டே இருக்கு, போற வழியெல்லாம் வெள்ளையாப் படியுது. பருத்தி இலையில படியுது, முந்திரிப் பூவுல படியுது, பேனல்ல படியாதா? ராத்திரிப் பனியில நனைஞ்சு காலை வெயில்ல காய்ஞ்சா பால் ஏடு மாதிரி பிடிச்சுக்கும், மேலாப்ல தட்டினா போகாது. விடியக்காலையில, பேனல் குளுந்து இருக்கும்போது, நல்ல தண்ணி ஊத்தி ஈரத்துணியால துடைச்சேன். சுடுற கண்ணாடியில பச்சைத்தண்ணி ஊத்தாதீங்க. மதியம் வெயில் முன்னாடி பாத்த அளவுக்கே வந்ததும் பாத்தா 6.6 இருந்த ஆம்பியர் 7.6. வோல்ட் அப்படியே 440. அப்ப ஆம்பியர் தூசியோடது, வோல்ட் வேற ஆளோடது.

அடுத்த நாள் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, ஐ.டி.ஐ. படிச்ச என் அக்கா மகனை வரச்சொல்லி, மோட்டாரை நிறுத்தி, ஐசொலேட்டரை அணைச்சு, பேனல் பேனலா கழட்டிப் பாத்தோம். பதினொண்ணாவது பேனல்ல வோல்ட்டே இல்லை. பின்னாடி பெட்டிக்குள்ள மூணு டயோடு இருக்கும், மூணும் ஷார்ட் ஆகியிருந்துச்சு. மழைக்காலத்துல விழுந்த இடியாத்தான் இருக்கணும். (ஒண்ணு சொல்லிடுறேன். பகல்ல அந்த வயர்ல 600 வோல்ட் நிக்குது. வீட்டுக் கரண்ட் மாதிரி இல்லை இது, டி.சி. ஓடிக்கிட்டு இருக்கும்போது இணைப்பைப் பிடுங்கினா நெருப்பு இழுத்துக்கிட்டே வரும், அணையாது. தெரிஞ்ச ஆள் இல்லாம கை வைக்காதீங்க.) திட்டப்படி அஞ்சு வருஷம் பராமரிப்பு அவங்க பொறுப்பு. கணக்கை எழுதி, போட்டோ எடுத்து அனுப்பின பிறகு பேனல் மாத்தினாங்க. வோல்ட் 470-க்கு வந்துச்சு. அதுவரைக்கும் எட்டு மாசம் "வெயில் சரியில்லை."

200 லிட்டர் டிரம் ரொம்ப முன்னாடி 80 விநாடிக்கு மேல எடுத்துக்கிட்டு இருந்தது, இப்ப 62 விநாடியில நிறையுது. விவசாயிக்கு வாட் எதுக்கு, டிரம் போதும்.

டிரம்முன்னு சொன்னதும் இன்னொண்ணு. சோலார் பம்புக்கு மத்திய அமைச்சகம் முன்பு வெளியிட்ட வரையறையில லிட்டர் கணக்கு இருக்கு. ஏ.சி. மோட்டாரா இருந்தா, 50 மீட்டர் ஆழத்துல இருந்து, பேனலோட ஒவ்வொரு வாட்டுக்கும் நாளைக்கு 19 லிட்டர் தண்ணி வரணும். என் போர்ல தண்ணி மட்டம், குழாய் உராய்வு எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 50 மீட்டர்தான். 5025-ஐ 19-ஆல பெருக்குங்க, 95,475 லிட்டர். நல்ல எண், விக்கிறவர் இதைத்தான் சொல்லுவார். அந்த வரையறையில இருக்கிற இன்னொரு எண்ணைச் சொல்லமாட்டார்: ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 7.15 யூனிட் வெயில் விழுந்தா இது. தமிழ்நாட்டோட வருஷ சராசரி அஞ்சரைக்குப் பக்கம். அந்த விகிதத்துல இறக்கினா 73,000 லிட்டர். அதுவும் முழுசா வராது, ஏன்னா காலையிலயும் சாயங்காலமும் மோட்டார் சுத்தும், தண்ணி 50 மீட்டர் ஏறாது. ஐப்பசி கார்த்திகையைக் கேக்கவே வேண்டாம். அப்ப 95,000-னு நம்பி ரெண்டு ஏக்கர் சின்ன வெங்காயம் போட்டவன் கதி?

இப்படி எல்லாம் கேட்டா ஒரு பதில் வரும். "இதெல்லாம் விவசாயிக்குப் புரியாதுங்க." இதைக் கேட்டாத்தான் எனக்குக் கோவம் வருது.

நான் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனா, ஒரு பிடி எடுத்து மீட்டர்ல போட்டு ஈரப்பதம் பாப்பாங்க. 17 சதவீதத்துக்கு மேல இருந்தா "காயவச்சு எடுத்துட்டு வா." ரோட்டுல கொட்டிக் காயவைக்கிறேன். சொசைட்டியில பால் ஊத்தினா கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு இல்லாத மத்த சத்து எவ்வளவுன்னு புள்ளி சுத்தமா அளந்துதான் காசு. பெட்ரோல் பங்க்ல சந்தேகம் வந்தா அஞ்சு லிட்டர் கேனை எடுத்து அளந்து காட்டுன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. என்கிட்ட வாங்கும்போது எனக்குப் புரியுமா புரியாதான்னு யாரும் கேக்கலை, அளந்தாங்க. எனக்கு விக்கும்போது மட்டும் ஸ்டிக்கரைப் பாத்துக் கையெழுத்துப் போடணும். "பம்புசெட் திருப்திகரமாக இயங்குகிறது" அப்படின்னு ஒரு வரி, அதுக்குக் கீழே என் பேர். எத்தனை வாட்டுல திருப்தி, எத்தனை டிகிரியில திருப்தி, எத்தனை லிட்டருல திருப்தி?

25 வருஷ உத்தரவாதத்தையும் சொல்லிடுறேன். பத்து வருஷம் கழிச்சு 90 சதவீதம், இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு 80 சதவீதம் திறன் இருக்கும்னு எழுதிக் கொடுக்கிறாங்க. எந்த நிலையில? அதே 1000 வாட், அதே 25 டிகிரி. அதாவது என் பேனல் செத்துப்போச்சுன்னு நான் நிரூபிக்கணும்னா அந்தப் பிளாஷ் விளக்கு இருக்கிற ஆய்வகத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போகணும். தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் குருகிராம் பக்கத்துல இருக்கு. ஆலத்தியூர்ல இருந்து அரியலூருக்கே ஒரு நாள் வேலை கெடும். இத்தனைக்கும் வயல்ல அளந்த எண்ணை அந்த 25 டிகிரிக்கு மாத்திக் கணக்குப் போட சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 60891-னு ஒரு தரமுறையே வச்சிருக்கு. வழி இல்லாம இல்லை, அந்த வழியா நடக்க ஆள் இல்லை.

சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் உக்காந்து இதைப் படிக்கிறவங்க "ஓசி கரண்ட் வாங்குற உங்களுக்கு இது எதுக்கு"ன்னு நினைக்கலாம். சரி, உங்க மாடிக்கு வருவோம். 2024-ல வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வாங்கி நீங்களும் பேனல் போட்டிருப்பீங்க. செல்போன்ல மதியம் 2.2 கிலோவாட் காட்டும். உடனே விக்கிறவருக்குப் போன். அவர் சொல்றதும் "வெயில் சரியில்லை சார்"தான். உங்க ஊர் வெயில் எவ்வளவுன்னு நாசா இலவசமாக் கொடுக்குது, தேடிப் பாருங்க. ஒரு மாசத்துக்கு விழுந்த வெயில் யூனிட்டைக் கூட்டி 3-ஆல பெருக்குங்க. நாளைக்கு 6 யூனிட்னா முப்பது நாளைக்கு 180, பெருக்கினா 540. உங்க மீட்டர்ல 405 ஏறியிருந்தா 75 சதவீதம். சூடு, தூசி, இன்வெர்ட்டர், வயர் எல்லாம் தின்னது போக அது நியாயமான கணக்கு, அவரைத் திட்டாதீங்க. 320 ஏறியிருந்தா 60-க்கும் கீழே. அப்ப விடாதீங்க. பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி நிழல்ல இருந்து ஆரம்பிச்சுக் கேளுங்க.

நான் கேக்கிறது ஆகாயத்துல இருக்கிற நிலா இல்லை. ஒவ்வொரு பேனலுக்கும் தொழிற்சாலையில எடுத்த பிளாஷ் அளவு வரிசை எண்ணோட இருக்கு, அந்தக் காகிதம் எங்களுக்கு வரணும். பம்பு இறக்குற அன்னிக்கு வெயில் மானியும் தெர்மாமீட்டரும் கொண்டு வந்து, எங்க கண்ணு முன்னாடி வோல்ட்டும் ஆம்பியரும் லிட்டரும் அளந்து, வரவேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவுன்னு ரெண்டு எண்ணையும் அந்தச் சான்றிதழ்ல எழுதணும். வருஷத்துக்கு ஒரு தடவை அதே அளவைத் திரும்ப எடுக்கணும். லட்சக்கணக்குல மானியம் கொடுக்கிற அரசாங்கத்துக்கு ஒன்றியத்துக்கு ஒரு மீட்டர் வாங்குறது பாரமா? மானியம் வாட்டுக்குக் கொடுக்காம லிட்டருக்குக் கொடுத்துப் பாருங்க, ஒரே வாரத்துல எல்லார்கிட்டயும் மீட்டர் இருக்கும்.

பக்கத்து ஊர்ல வர்ற புதன்கிழமை ஒரு 7.5 எச்.பி. செட் இறக்குறாங்க. அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டிருக்கார். 40 வாட் பேனல், மல்டிமீட்டர், தெர்மாமீட்டர், 200 லிட்டர் டிரம் நாலையும் டி.வி.எஸ். 50-ல கட்டிக்கிட்டுப் போறேன், டிரம்தான் கொஞ்சம் ஆடும். அளவு முடிஞ்சு எண்ணு எழுதினப்புறம் கையெழுத்துப் போடலாம்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். என்ன வந்துச்சுன்னு வியாழக்கிழமை எழுதுறேன்.